நாலு அடுப்பும் ஒரு சனிக்கிழமையும்

கப்பல் ஏற்றிவிட வந்தவர்கள் எல்லாரும் நான் கோயில் குளம் பார்க்கத்தான் இந்தியா போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நாலு பேர் விபூதி கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையார்பட்டியில் தன் பெயருக்கு ஒரு சிதறுகாய் போடச் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஏறினேன். ஒரு கம்ப்யூட்டர் மொழி சாகக் கிடக்கிறது, அதைப் பிழைக்கவைக்கக் காரைக்குடிப் பக்கம் ஒரு சமையல்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், கப்பலை விட்டு இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. இன்னதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கப் பல மொழிகள் உண்டு. நான் மனசைக் கொடுத்தது அல்கால் என்ற மொழிக்கு. எங்களுக்கு ‘அல்கால் வட்டம்’ என்று ஒரு கடிதக் கூட்டம் இருந்தது. கொழும்பு, பினாங்கு, சென்னை, காரைக்குடி என்று சிதறிக் கிடந்தவர்கள் தாங்கள் எழுதிய ப்ரோக்ராமை எனக்கு அனுப்புவார்கள். நான் ஸ்டென்சிலில் டைப் அடித்து, உருளையில் உருட்டிப் பிரதி எடுத்து, எல்லாருக்கும் தபாலில் போடுவேன். ஆரம்பத்தில் உறை ஒட்டி ஒட்டி நாக்கு வறண்டுபோகும். பிறகு எல்லாரும் ஃபோர்ட்ரான் என்ற இன்னொரு மொழிக்குத் தாவினார்கள். புது மெஷின்கள் அதோடுதான் வந்தன, வேலையும் அதற்குத்தான் கிடைத்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, கடைசியில் ஒரு கை விரலே போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

‘விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே’ என்று என்னைக் கேட்காத ஆளில்லை. விடமுடியாது. மெஷினைப் பக்கத்தில் வைத்திருப்பவனுக்கு எந்த மொழியும் ஒன்றுதான்; தப்பு இருந்தால் மெஷினே திருப்பித் துப்பும். காரைக்குடி சொக்கலிங்கத்துக்கு மெஷின் சென்னையில் இருந்தது. அவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதித் தபாலில் அனுப்பினால், பதில் வரப் பத்து நாளாகும். அப்படிப்பட்டவருக்குக் கண்ணால் படித்தே தப்பைக் கண்டுபிடிக்க முடிகிற மொழி வேண்டும். அல்கால் அப்படிப்பட்டது. அது போய்விட்டால் சொக்கலிங்கம் மாதிரி ஆட்களும் போய்விடுவார்கள். எனக்கு வயிறு எரிந்தது அதற்காகத்தான்.

அந்த வருஷம் சென்னை கம்ப்யூட்டர் நிலையம் சொக்கலிங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டது. சனிக்கிழமை காலை மட்டும் அல்காலுக்கு என்று ஒதுக்கியிருந்த நேரத்தை அடுத்த மாதக் கடைசியோடு நிறுத்தப்போகிறார்களாம். வாத்தியார், மாணவர் அல்லாத வெளியாள் ஒருவர், ‘இந்த மொழியில் செய்த வேலை எனக்குப் பயன்பட்டது, இனியும் வேண்டும்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் தொடருவார்களாம்.

சொக்கலிங்கம் எனக்கு எழுதினார். அவருடைய அக்கா வீட்டில், கொத்தமங்கலத்தில், கல்யாணம். ஆயிரம் இலை விழும். எந்தப் பண்டத்தை எந்த அடுப்பில் எப்போது ஏற்றுவது என்று சமையல்காரருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் ப்ரோக்ராம் ஒன்றை எழுதி, நான் சரிபார்க்கக் கடிதத்தோடு வைத்திருந்தார். சமையல்காரர் கையெழுத்துப் போடுவார் என்று நம்பிக்கை. படித்து முடித்ததும் நான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கப்பல் பிடித்து நான் போய்ச் சேரும்போது அந்த மாதத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

காரைக்குடி ஸ்டேஷனில் செவ்வாய்க்கிழமை காலையில் இறங்கினேன். ஆறு வருஷமாகக் கடிதத்தில் மட்டும் தெரிந்த மனுஷர். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் என்பதால் ஒல்லியாக, மெல்லிசாக ஒருவரை எதிர்பார்த்தேன். நின்றவர் ஆஜானுபாகு. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்தே, “வாங்க, வாங்க! கப்பல்ல நல்லாத் தூங்குனீகளா?” என்று அவர் கேட்டதில் போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வீட்டில்தான் தங்கினேன். மனைவி மெய்யம்மை ஆச்சி வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வைத்தார். எங்கள் ஊரில் காலையில் ஒரு கோப்பி, காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரெண்டு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். இங்கே ஏழாவது பணியாரத்தில் இலையைக் கையால் மறைத்தேன். “கைய எடுங்க. கையில போட்டாச் சுட்டுப்புடும்” என்று இலையில் இன்னும் இரண்டைப் போட்டார். நான் வாதாடத் தெரிந்தவள்தான். ஆனால் ஆச்சியிடம் அது பலிக்கவில்லை.

சாப்பிட்ட கையோடு கொத்தமங்கலத்துக்கு பஸ் ஏறினோம். முந்தின சனிக்கிழமை சென்னையில் ஓட்டி எடுத்த முதல் தாள் சொக்கலிங்கத்தின் தோல்பையில் இருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், மீதி இடத்தில் கத்திரிக்காய் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. வழியில் என்ஜின் கொதித்து நின்றது. டிரைவர் திரும்பி, “யார்ட்டயாச்சும் தண்ணி இருக்காப்பா?” என்றார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவேண்டுமே என்று காய்ச்சி, வடிகட்டி, பிளாஸ்கில் நான் பத்திரமாகக் கொண்டுவந்த தண்ணீர் ரேடியேட்டருக்குள் போனது. “மலேயாத் தண்ணியா, வண்டி இனிமே பறக்கும்” என்றார் கண்டக்டர். பறக்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தது.

சமையல்காரர் முத்தழகு கல்யாண வீட்டுக் கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். மண்ணில் நீளமாகப் பள்ளம் வெட்டி, செங்கல் அடுக்கி, மேலே ஆளுயர அண்டாவை ஏற்றுகிற அடுப்பு அது. நாலு அடுப்பு வெட்டப்போகிறார். ஐம்பது வயதிருக்கும், பேசும்போது ஆளைப் பார்க்காமல் அடுப்பையே பார்ப்பார். சொக்கலிங்கம் தாளை விரித்து, அரைமணிக்கு ஒரு வரிசையாக மெஷின் போட்டிருந்ததை ராகம் போட்டு வாசித்தார். முத்தழகு பொறுமையாகத்தான் கேட்டார். பாயசம் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, உங்க மெசினு சோத்து அண்டாவ எறக்குன கையோட அதே அடுப்புல விறகத் தள்ளிப் பாலை ஏத்தச் சொல்லுது. அடிப்பிடிச்ச பாயசத்த யாரு குடிப்பாக? நீங்க குடிப்பீகளா?”

“அப்ப நீங்க எப்படி ஏத்துவீக?” என்றார் சொக்கலிங்கம்.

“விறக உருவிட்டுக் கங்குல ஏத்துவேன். கங்குதான் பாலுக்கு. அது அடங்குன பெறகு சாம்பச் சூட்டுல பருப்ப வப்பேன், கெட்டுப்போகாம ஆறாம இருக்கும். ஒரு அடுப்பு எனக்கு மூணு அடுப்பு. உங்க மெசினுக்கு அது ஒண்ணு.” தாளை மடித்து சொக்கலிங்கத்தின் கையில் கொடுத்தார். “ஆறு அடுப்பு வேணும்னுல்ல போட்ருக்கு? நான் நாலுல செய்றவன்.”

கொல்லையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சொக்கலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. சொந்த அக்கா வீடு, மச்சான் வேறு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முத்தழகு மேல் இல்லை, எங்கள் மேல். அடுப்பு எரிகிறதா, எரியவில்லையா என்று உண்டு, இல்லை என்ற இரண்டே பதிலை வைத்துக்கொண்டு அவர் ப்ரோக்ராம் எழுதியிருந்தார், நானும் படித்துவிட்டுச் சரி என்றிருந்தேன். மின்சார அடுப்புக்காரர்கள் செய்தால் மன்னிக்கலாம். சொக்கலிங்கம் வீட்டில் இன்றைக்கும் விறகடுப்பு. நானும் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் விறகடுப்புச் சோறு தின்று வளர்ந்தவள். தாளும் பென்சிலும் கையில் வந்ததும் இரண்டு பேருக்கும் கங்கு மறந்துபோயிருக்கிறது. வெட்கக்கேடு.

திரும்பி வரும்போது, “விட்ருவோமா?” என்று கேட்டார் அவர். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “கடல் தாண்டி வந்தது பணியாரம் சாப்பிடவா?” என்றேன்.

புதன்கிழமை காரைக்குடியிலேயே ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு முத்தழகு சமையல். கேட்டுக்கொண்டு போய் விடியற்காலையிலேயே கொல்லையில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். புகையில் கண் எரிந்தது. எத்தனை மணிக்கு விறகு, எத்தனை மணிக்குக் கங்கு, எத்தனை மணிக்குச் சாம்பல் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பந்திக்கு வந்த இரண்டு பேர் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “யாருடா இந்தம்மா?” “சுகாதார ஆபீசர் போல. ஈ எத்தன இருக்குன்னு எண்ணுது.” “அப்ப ராத்திரி வரைக்கும் எண்ணணுமே.” சாப்பாடு மட்டும் அமிர்தம். கவுனி அரிசி கறுப்பாக, நெய் வழிய, தேங்காய்ப்பூவோடு இலைக்கு வந்தது. அதே கறுப்பரிசியை எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியாகக் குடிப்பார்கள். இரண்டில் எது ஒசத்தி என்று சொல்லிவிட்டால் நான் ஊர் திரும்பமுடியாது, சொல்லமாட்டேன்.

அரைக்கிற பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். முத்தழகு போகிற இடமெல்லாம் இவர்களும் போவார்கள். பஞ்சவர்ணம் என்கிற அம்மாள்தான் அவர்களுக்குத் தலைவி. அள்ளிச் செருகிய கொண்டை, புறங்கையில் எப்போதும் மஞ்சள். முத்தழகு, “துவையல அரை”, “அத விட்டுட்டு மசாலா அரை”, “உளுந்து என்னாச்சு?” என்று கத்தக் கத்த எட்டுப் பேரும் அம்மிக்கும் ஆட்டுரலுக்குமாக ஓடினார்கள். நான் அவர்களையும் எண்ணி எழுதிக்கொண்டேன். முத்தழகு அதைப் பார்த்துவிட்டார்.

“பொம்பளைகள எதுக்குத் தாயி எழுதுறீக? அடுப்ப மட்டும் எழுதுங்க. அவளுக கூப்புட்டா வருவாளுக.”

“ஒரே ஆள் ஒரே நேரத்தில் ரெண்டு அம்மியில் அரைக்க முடியுமா அண்ணே?”

“அதெல்லாம் கல்யாண வீட்டுல முடியும்” என்றார்.

நான் எழுதினேன். எட்டுப் பேரும் எட்டு வரிசை. ஒருத்திக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்.

வியாழக்கிழமை முழுக்க எழுத்து வேலை. பழையதைப் பாதிக்கு மேல் கிழித்துப் போட்டோம். ‘எரிகிறது, எரியவில்லை’ போய், விறகு மூன்று, கங்கு இரண்டு, சாம்பல் ஒன்று என்று அடுப்புக்கு எண் வந்தது. எழுதி முடித்ததும் ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லை. அதற்கு சொக்கலிங்கம் ஒரு முறை வைத்திருந்தார். வீட்டின் நடு முற்றமான வளவில், தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் அரைமணி என்று வைத்து, புளியங்கொட்டையை அடுக்கினார். ஒருவர் ப்ரோக்ராமை வரி வரியாக வாசிக்கவேண்டும். மற்றவர் அது சொன்னபடி கொட்டையை நகர்த்தவேண்டும். மெஷின் செய்வதை நாங்கள் கையால் செய்தோம். ஆறு வருஷமாக இந்த மனிதர் இப்படித்தான் தப்புக் கண்டுபிடித்திருக்கிறார். நான் குளிரூட்டிய அறையில் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை கொட்டை நகர்த்தினோம். மெய்யம்மை ஆச்சி இரண்டு முறை வந்து, “பல்லாங்குழி ஆடுற மாதிரில்ல இருக்கு. சாப்புட்டு ஆடுங்களேன்” என்றார். பிறகு அவரே குனிந்து பார்த்து, “ஏன், இங்க ரசத்துக்கும் அப்பளத்துக்கும் ஒரே அடுப்பப் போட்ருக்கீக?” என்று கேட்டார். போட்டுத்தான் இருந்தோம். இரண்டு கணக்குப் புலிகளும் வாயை மூடிக்கொண்டு திருத்தினோம். அன்று சாயந்திரம் சொக்கலிங்கம் தாள்களைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினார்.

சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்நேரம் ப்ரோக்ராமைக் காகித நாடாவில் துளைகளாக அடித்திருப்பார்களா, இந்நேரம் மெஷினில் ஏற்றியிருப்பார்களா என்று மணிக்கு மணி மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கொத்தமங்கலத்துக்குப் போய், மசாலா இடித்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருக்காமல் அம்மியைப் பிடித்தேன். கால்மணியில் கை கழன்றது. எங்கள் ஊரில் அரைத்த மசாலாவை சந்தையில் இலையில் மடித்துத் தருவார்கள். எனக்கு அரைப்பது என்றால் காசை நீட்டி வாங்குவதுதான்.

“விடுங்க தாயி, வெரல நசுக்கிக்கிருவீக” என்று குழவியைப் பிடுங்கிக்கொண்டாள் பஞ்சவர்ணம். “உங்க மெசினு அரைக்குமா?”

“அரைக்காது.”

“பெறகு என்னத்துக்கு?”

“எப்ப எதை அரைக்கணும்னு சொல்லும்.”

“அதத்தான் முத்தழகு அண்ணன் தொண்டை கிழியச் சொல்றாரே!” பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், கல்யாண வீட்டில் அவர்கள் எப்போது சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். “கடைசிப் பந்தி இலை எடுக்கணும். அண்டா கழுவணும். நாலு மணி ஆகும், அஞ்சும் ஆகும். அப்ப என்ன இருக்குதோ அது. சோறு வெறைச்சுப் போயிருக்கும், ரசத்த ஊத்தி முழுங்குவோம்.” குறையாக அல்ல, ஊர் வழக்கம் சொல்வது போலச் சொன்னாள். ஒருத்தி மட்டும், “நான் பாயசத்தச் சூடாக் குடிச்சதே எங்கல்யாணத்துலதான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொக்கலிங்கம் வந்தார். வாசலிலேயே அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. “ஓடிருச்சு! மொதல் தடவ ஒரு அரைப்புள்ளியக் காணோம்னு நின்னுச்சு. பத்து நிமிஷம் குடுங்கய்யான்னு கெஞ்சித் திருத்தி, ரெண்டாந்தடவ ஓட்டுனேன்!” மெஷின் தந்தது எண்கள் மட்டும்தான், அதற்குத் தமிழ் அச்சடிக்கத் தெரியாது. கடையில் பழுப்புத் தாள் வாங்கி, எண்களைத் தமிழில் பண்டங்களாக மாற்றி, வேப்பங்கொட்டை பெரிசுக்கு எழுத்தெழுதி, கொத்தமங்கலத்துக்குக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் கஞ்சிப்பசை தடவி ஒட்டினோம்.

முத்தழகு இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். அடுப்பு நாலுதான். பாயசம் கங்கில்தான். பஞ்சவர்ணம் ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்துத் தன் வரிசையைப் படித்துக்கொண்டே போனவள் பதினொன்றரைக்கு வந்ததும் நின்றாள்.

“இங்க ஏன் ஒண்ணும் எழுதல? எட்டு வரிசையும் காலியா இருக்கு.”

சொக்கலிங்கம் திடுக்கிட்டு மெஷின் தாளைப் புரட்டினார். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை எட்டுப் பேருக்கும் வெறும் பூஜ்யம். தப்போ என்று மறுபடி புளியங்கொட்டையை எடுத்தோம். தப்பில்லை. ஊறவைப்பதும் அரைப்பதும் முன்கூட்டி ஒழுங்காக நடந்தால், அந்த ஒரு மணி நேரம் அரைக்க எதுவும் இல்லை. நாங்கள் யோசித்து வைத்ததில்லை அது. ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று எழுதினோம், மிச்சம் தானாக விழுந்தது.

“அப்ப வேலை இல்ல, உட்காரலாம்” என்றேன் நான்.

“கல்யாண வீட்டுலயா?” என்று என்னைப் பார்த்தாள். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை கல்யாணம். முகூர்த்தம் எப்படி நடந்தது, பெண் என்ன புடவை கட்டினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கொல்லையில் இருந்தேன். முதல் ஒரு மணி நேரம் முத்தழகு சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை; வழக்கம்போலக் கத்தினார். ஆனால் அவர் “உளுந்து?” என்று வாயைத் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் உளுந்தைக் கொண்டுவந்து வைத்தாள். “துவையல்?” என்பதற்குள் துவையல் வந்தது. நாலைந்து முறை இப்படி ஆனபிறகு கத்துவதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பது மணி வாக்கில் தானே சுவரைப் பார்த்து, “அடுத்து என்ன?” என்று முணுமுணுத்தார்.

முதல் பந்திக்கு இலை போட்டபோது கடைசி அண்டாவும் இறங்கியிருந்தது. பதினொன்றரைக்கு எட்டுப் பெண்களும் கையைக் கழுவிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். உட்காரப் பயந்தார்கள். பஞ்சவர்ணம்தான் முதலில் முந்தானையை உதறி உட்கார்ந்தாள். நானும் மெய்யம்மை ஆச்சியும் இலை போட்டு அவர்களுக்குப் பரிமாறினோம். சோற்றில் ஆவி பறந்தது. ஒருத்தி பாயசத்தை ஊதி ஊதிக் குடித்தாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய் நின்றேன்.

எல்லாம் முடிந்து மூன்று மணிக்கு சொக்கலிங்கம் படிவத்தை எடுத்து நீட்டினார். முத்தழகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு. இந்த வேல எனக்கு மட்டுந்தேன். தேவகோட்டக்காரன் கைக்கோ, சிங்கம்புணரிக்காரன் கைக்கோ போகக்கூடாது. எழுதிக் குடுங்க, போடறேன்.”

சொக்கலிங்கம் பேனாவைத் திறந்தேவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“முடியாது.”

“என்ன முடியாது? கையெழுத்து வேணும்ல?” சொக்கலிங்கம் என்னைத் தனியாக இழுத்துப்போனார். “மொதல்ல வாங்கிருவோம். இது இல்லைன்னா சனிக்கிழமையே இல்ல.”

“ஒரே ஆளுக்கு மட்டும்னு எழுதிக் குடுத்தா, அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒரே ஆளைக் காட்டிக் கெஞ்சுவோம். ஒரு கை விரலில் எண்ணுகிற கூட்டம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கு. ஊர் ஊராகப் போகத்தானே இவ்வளவு பாடும்?”

“நீங்க கப்பல் ஏறிப் போயிருவீக! மெசினு இல்லாம இங்க உக்காந்திருக்கப் போறது நான்!”

அது உண்மைதான், சுருக்கென்று குத்தியது. ஆனாலும் நான் இறங்கவில்லை. முத்தழகிடம் திரும்பிப் போய், எல்லாருக்கும் கொடுப்போம், உங்களுக்கு முதலில் கொடுப்போம், அதற்கு மேல் முடியாது என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அப்பச் சரி தாயி, வேற ஆளப் பாருங்க” என்று எழுந்துவிட்டார். சொக்கலிங்கம் தலையில் கை வைத்து அடுப்போரமாக உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். என் வாயால் கெட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அம்மியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் வந்து நின்றாள்.

“அந்தத் தாளுல யாரு வேணாலும் கையெழுத்துப் போடலாமா?”

சொக்கலிங்கம் நிமிர்ந்தார். வெளியாளாக இருக்கவேண்டும், பயன்பட்டது என்று சொல்லவேண்டும், இனியும் வேண்டும் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

“இங்குட்டு குடுங்க.”

“நீ எதுக்குடி கையெழுத்துப் போடணும்? சமையக்காரன் நானா, நீயா?” என்றார் முத்தழகு.

“நீங்கதேன் அண்ணே. ஆனா பதினொன்றரைக்கு உக்காந்து சாப்புட்டது நாங்க.”

அம்மிக்கல்லின் மேல் படிவத்தை விரித்து, புறங்கை மஞ்சள் தாளில் படாமல் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ப, ஞ், ச என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். மற்ற ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போயிற்று. படிவத்தில் ‘எத்தனை முறை தேவைப்படும்’ என்று ஒரு கேள்வி இருந்தது. சொக்கலிங்கம் வாசித்துக் காட்டினார்.

“பஞ்சாங்கத்தப் பாத்து எத்தன முகூர்த்தம்னு நீங்களே போட்டுக்கங்க” என்றாள் பஞ்சவர்ணம். “எல்லாத்துக்கும் வேணும். தேவகோட்டையில எந்தங்கச்சி அரைக்கிறா, அவளுக்கும் சேத்துப் போடுங்க.”

சொக்கலிங்கம் எழுதினார்.

முத்தழகு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் அணைந்துபோன அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படிவத்தை எட்டிப் பார்த்து, “எனக்கு எடம் இருக்கா?” என்று கேட்டார்.

“அவங்க பேருக்குக் கீழேதான் இருக்கு” என்றேன்.

ஒரு முறை செருமிக்கொண்டு பேனாவை வாங்கினார். கீழேயே போட்டார்.